லண்டனுக்கு ஒரு துரை

என் மகள் ஐந்தாம் ஆண்டு படித்தபோது ஒரு நாளைக்கு இருபது கேள்வியாவது கேட்பாள். பல் துலக்கும்போது ஒன்று, சப்பாத்து மாட்டும்போது ஒன்று, மோட்டார் சைக்கிளில் என் பின்னால் உட்கார்ந்து காதுப்பக்கம் கத்தி ஒன்று. அம்மாவிடம் போனால், "அப்பாகிட்ட கேளு. அவருதான் ஊரு ஒலகம் எல்லாம் தெரிஞ்சவரு" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அது கிண்டல் என்று எனக்குத் தெரியும். மகள் அதை உண்மை என்றே நம்பினாள்.

நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். செடெனாக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாம் பெட்டியில் அடைபட்டு, பேலட் என்னும் மரத்தட்டில் அடுக்கி வரும். நான் அதைத் தூக்கிக் கொண்டுபோய் லாரியில் ஏற்றுவேன். என் வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். ஒவ்வொரு பேலட்டிலும் ஓர் அட்டை தொங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, யார் சரிபார்த்தார் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அட்டை இல்லாத பேலட்டை மேனேஜரே வந்து தூக்கச் சொன்னாலும் நான் தூக்க மாட்டேன். பதினேழு வருடமாக அப்படித்தான். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு உங்களுக்கே தெரியும், பிள்ளைகளே.

அந்த ஆண்டு பள்ளியில் ஒரு பேச்சுப் போட்டி வைத்தார்கள். உலகத் தலைநகரங்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்பது தலைப்பு. ஆசிரியர் ஏழு தலைநகரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"போன்ல பாக்கக் கூடாதாம்ப்பா. நாலு பேரக் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமாம்" என்றாள் மகள்.

"நாலு பேரு எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல" என்றேன்.

இப்போது அதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டே ஆரம்பித்தோம். முதல் பெயர் நம் தலைநகரம்தான்.

"குவாலான்னா ரெண்டு ஆறு சேருற எடம். லும்பூர்னா சேறு. ஆறு சேருற சேத்து எடம், அதான் கோலாலம்பூர்."

"தலைநகரத்துக்குப் போயி யாராச்சும் சேறுன்னு பேரு வைப்பாங்களாப்பா?"

"பேரு வைக்கிறப்ப அது தலைநகரம் இல்லம்மா. சேறுதான் இருந்துச்சு."

அதை அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதும்போது நாக்கை ஓரமாக நீட்டிக்கொள்வது அவள் பழக்கம்.

"சிங்கப்பூர்?"

"சிங்கத்தோட ஊரு. யாரோ ஒரு ராஜகுமாரரு என்னமோ ஒரு மிருகத்தப் பாத்துட்டு, சிங்கம்னு நெனச்சுப் பேரு வச்சதா ஒரு கதை. உண்மையில அங்க சிங்கமே இருந்ததில்லைங்கறாங்க."

அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "பின்ன தெனம் காலையில சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற பாலத்து ஜாம்ல நின்னுக்கிட்டு உறுமுறது யாராம்?"

ஜகார்த்தாவும் பாங்காக்கும் பள்ளி நூலகப் புத்தகத்திலேயே இருந்தன. ஜகார்த்தா என்றால் கிடைத்துவிட்ட வெற்றி. ஜெயம் என்று நாம் சொல்கிற அதே சொல்தான் அதற்குள்ளும் இருக்கிறது. பாங்காக் என்றால் நம் கெடொண்டோங் போன்ற ஒரு புளிப்புக் காய் காய்க்கும் மரங்கள் நின்ற ஆற்றோரக் கிராமம் என்று பலர் சொல்கிறார்கள். இதைப் படித்ததும் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சந்தையில் உப்புப் போட்டு நறுக்கித் தரும் கெடொண்டோங்கா ஒரு நாட்டின் தலைநகரம் என்று இரண்டு நாள் சிரித்தாள். ஆப்பிரிக்காவில் இரண்டு ஊர்களை ஆசிரியரே சொல்லிக் கொடுத்திருந்தார். அடிஸ் அபாபா என்றால் புதுப் பூ. நைரோபி என்றால் குளிர்ந்த தண்ணீர்.

கடைசியாக மிஞ்சியது லண்டன்.

"இது புத்தகத்துல இல்லப்பா."

நான் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "அது அங்க மொதல்ல இருந்த துரையோட பேரு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டும். நான் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். பலகையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரை எங்கள் ஆட்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். தோட்டத்தை நிர்வாகம் செய்த வெள்ளைக்காரரைத் துரை என்பார்கள். எந்தத் துரை முதலில் வந்தாரோ அவர் அடையாளம்தான் தோட்டத்துக்குப் பெயர். எங்களுடையது நெட்டைத் துரை தோட்டம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது கண்ணாடித் துரை தோட்டம். இன்னும் உள்ளே போனால் குதிரைத் துரை தோட்டம். அந்தத் துரைகளை நான் பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. பஸ்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் அந்தப் பெயரில்தான் வழி சொன்னார்கள்.

துரைமார் எல்லாம் எங்கிருந்து வந்தார்கள்? லண்டனிலிருந்து. இங்கே இத்தனை துரைக்கு இத்தனை தோட்டம் என்றால், அவர்கள் சொந்த ஊருக்கு மட்டும் ஒரு துரை இல்லாமலா இருப்பார்? என் கணக்கு அவ்வளவுதான். பொய் சொல்கிறோம் என்று ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை. தெரியும் என்றே நினைத்தேன்.

"துரை பேரு என்னப்பா?"

"லண்டன் துரைதான். வேற என்ன?"

அதையும் எழுதிக்கொண்டாள். நாக்கு ஓரமாக நீண்டிருந்தது.

போட்டி ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது. நான் அரை நாள் வேலையை முடித்துவிட்டு, தொழிற்சாலைச் சட்டையோடு போய் மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றேன். மகள் நான்காவதாகப் பேசினாள். சேற்று இடத்துக்குச் சபையில் நல்ல சிரிப்பு. கெடொண்டோங்குக்குக் கைதட்டல். நடுவராக வேறொரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். அவர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

முடிவில் மகள் குரலை உயர்த்தி, "லண்டன் மாநகரம், அங்கு முதன்முதலில் இருந்த லண்டன் துரையின் பெயரால் அழைக்கப்படுகிறது" என்றாள்.

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இது எந்தப் புத்தகத்துல இருக்கு, கண்ணு?"

"எங்க அப்பா சொன்னாங்க, டீச்சர்."

பெற்றோர் வரிசையிலிருந்து ஓர் ஆள் கையை உயர்த்திக்கொண்டு, "அந்தத் துரைக்கு எத்தன ஏக்கர் தோட்டம்மா?" என்று கேட்டார்.

மண்டபமே சிரித்தது. தோட்டத்தில் பிறந்தவர்கள்தான் அங்கே பாதிப் பேர். அவர்களுக்குத் துரை என்றதும் எல்லாம் விளங்கிவிட்டது. இன்னொருவர், "சம்பள நாளு எப்பன்னு கேளுங்க லா!" என்றார். மறுபடியும் சிரிப்பு.

நானும் சிரித்தேன்.

எப்படி வந்தது அந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை. சிரிக்காமல் நின்றால் அந்த அப்பா நான்தான் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. சிரித்துக்கொண்டே மேடையைப் பார்த்தேன். மகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடுவர் மேசையைத் தட்டிச் சபையை அமைதிப்படுத்தினார். "லண்டன்ங்கற பேரு எப்படி வந்துச்சுன்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியலம்மா. பெரிய பெரிய படிப்பாளிங்களே தெரியலைன்னுதான் சொல்றாங்க. மத்ததெல்லாம் ரொம்ப நல்லாப் பேசுன" என்றார். மகள் கைகூப்பிவிட்டு இறங்கினாள். பரிசு கிடைக்கவில்லை. கலந்துகொண்டதற்கான சான்றிதழ் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை. வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு விளக்கில் நிறுத்தியபோது, "ஏன்ப்பா சிரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா" என்றேன்.

பச்சை விழுந்தது. வாசலில் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றும்போது, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கேள்வி நின்றுவிட்டது.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று நினைக்காதீர்கள். சாப்பிட்டாள், விளையாடினாள், என்னோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தாள். "அப்பா, காடி சாவி எங்க?" என்று கார்ச் சாவியைத் தேடுவது போன்றவை வந்தன. மற்ற கேள்விகள் வரவில்லை. ஏதாவது தெரிய வேண்டுமென்றால், "அம்மா, போன் குடுங்க" என்று கேட்டு, தானே தேடிப் பார்த்துக்கொண்டாள். ஒரு வாரம் போனால் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆகவில்லை. இரண்டாவது வாரத்தில் காலையில் பல் துலக்கும்போது அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

மனைவி ஒரு நாள், "என்ன லண்டன் துரை, மொகம் வாடிக் கெடக்கு?" என்றாள். வீட்டில் எனக்கு அதுதான் பெயராகியிருந்தது.

"புள்ள எதையுமே கேக்க மாட்டேங்குதே."

"தெரிஞ்சாலும் தெரியாட்டியும் உங்க வாயில பதிலு ரெடியா நிக்குது. அதான் கேக்கல" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. காயை நறுக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் வேலையில் அட்டை இல்லாத ஒரு பேலட் வந்து நின்றது. வழக்கம்போல் தூக்க மறுத்தேன். புதிதாக வந்த மேற்பார்வையாளர், "அலமாக், எல்லாம் கட்டில்தான் லா, தூக்குங்க" என்று அலுத்துக்கொண்டார். "யாரு பாத்தான்னு எழுதிக் குடுங்க, தூக்குறேன்" என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்குச் சுருக்கென்றது. யாருக்கோ போகும் கட்டிலுக்கு இத்தனை கண்டிப்பு. என் பிள்ளை தலையில் மட்டும் அட்டையே இல்லாமல் ஒன்றைத் தூக்கி வைத்து மேடைக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்று கடையில் சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில், "லண்டன். தெரியாது. துரை என்று நான் சொன்னது தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஒரு வேலை தொடங்கினேன். எங்கள் தொழிற்சாலையில் எத்தனையோ நாட்டு ஆட்கள் இருக்கிறார்கள். அவரவர் தலைநகரத்தின் பெயரை அவரவரிடமே கேட்பது, சொன்னவர் யார் என்று எழுதுவது, தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுவது. அவ்வளவுதான்.

முதலில் வாசல் காவலரைக் கேட்டேன். எங்கள் பேச்சில் ஜாகா என்போம். நேப்பாளத்துக்காரர். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது அரைகுறை மலாயில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"காட்மாண்டுவா? காஷ்டமண்டப், அண்ணே. காஷ்டம்னா மரம். மரத்துல கட்டின மண்டபம்."

"மண்டபமா? எங்க பாஷையிலயும் மண்டபம்தான்!"

"ஒரே ஒரு மரத்துல கட்டினதாச் சொல்லுவாங்க. பெரிய பூகம்பத்துல விழுந்துருச்சு. திரும்பக் கட்டிட்டாங்க."

"ஒரே மரத்துல ஒரு மண்டபமா? நம்ம தொழிற்சாலையில ஒரே மரத்துல ஒரு நாற்காலிகூட வராதே."

"அதனாலதான் அது கோயில் பக்கத்துல இருக்கு, நம்ம நாற்காலி லாரியில போகுது" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எழுதினேன்: காட்மாண்டு, மர மண்டபம், சொன்னவர் ஜாகா.

டாக்கா அவ்வளவு சுலபமாக முடியவில்லை. கேன்டீனில் பங்களாதேஷைச் சேர்ந்த இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் பெயின்ட் பிரிவு. மூத்தவர், டாக் என்று ஒரு மரம், நெருப்பு மாதிரி பூக்கும், அந்த மரம் நிறைந்த ஊர் என்றார். இளையவர் சோற்றுக் கையை ஆட்டி, "இல்ல, அண்ணே, அங்க ஓர் அம்மன் கோயில் இருக்கு, அந்த அம்மன் பேருதான் ஊருக்கு" என்றார்.

"ஊர் பேருதான் அம்மனுக்கு!"

"அம்மன் பேருதான் ஊருக்கு! நீ டாக்காவப் பாத்ததே ஏர்போர்ட்டுக்குப் போற வழியில. நீ பேசாத."

"நீ மட்டும்? நீயும் அதே பஸ்லதானே வந்த!"

பக்கத்து மேசையிலிருந்து இன்னொருவர் எழுந்து வந்து, மரமும் இல்லை அம்மனும் இல்லை, டாக் என்றால் பெரிய மேளம், அதை அடித்து அந்தச் சத்தம் கேட்ட தூரம் வரை ஊர் எல்லை வைத்தார்கள் என்றார். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை சண்டை ஓயவில்லை. கடைசியில் மூத்தவர் என் நோட்டைப் பிடித்துக்கொண்டு, "முடிவுன்னு எழுதாதீங்க, அண்ணே. மூணையும் எழுதுங்க. என்னோடத மேல எழுதுங்க" என்றார். அப்படியே எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். நோட்டில் ஒரே பெயருக்கு மூன்று கையெழுத்து விழுந்தது அதற்குத்தான்.

வியட்நாம் பெண்ணொருத்தி, ஹனோய் என்றால் ஆறுகளுக்கு உள்ளே இருக்கும் ஊர் என்றாள். மியன்மார்க்காரர், யங்கோன் என்றால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம் என்றார். பிறகு, "இப்ப அது எங்க தலைநகரம் இல்ல. வேற ஊருக்கு மாத்திட்டாங்க" என்றார். அதையும் எழுதினேன். கேட்டவர்களில் பாதிப் பேர் தெரியாது என்றார்கள். ஒருவரும் வெட்கப்படவில்லை. "தெரியாது அண்ணே, ஊருக்குப் பேசறப்ப கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் கேட்டு வந்தும் சொன்னார்கள். இவ்வளவு சுலபமான வேலையா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நோட்டை மகளிடம் நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது இன்னொரு பாடமாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் சாவியோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பேன். காலையில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் காலை எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் பென்சில் எழுத்து இருந்தது. மணிலா என்ற பெயருக்குப் பக்கத்தில் "நீலச் செடி இருக்கும் இடம்" என்று எழுதியிருந்தேன். சாயம் எடுக்கும் நீலச் செடி. தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்யும் பிலிப்பினோ பெண் சொன்னது. வேலை அவசரத்தில் அவர் சொன்னார் என்று எழுத மறந்துவிட்டேன். அதற்குக் கீழே மகளின் குண்டு எழுத்தில், "யார் சொன்னது?" என்று இருந்தது.

அது என்னிடம் கேட்ட கேள்வியா, அல்லது ஆசிரியர் கட்டுரையில் போடும் சிவப்புக் கோடு போன்றதா என்று எனக்குத் தெரியவில்லை. போர்க்லிஃப்டில் உட்கார்ந்து அன்று முழுக்க அதையே யோசித்தேன். சொன்னவர் யார் என்று எழுதி, பழையபடி பெட்டி மேல் வைத்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

பள்ளி விடுமுறை வந்தது. பத்து பகாட் என்ற ஊரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குக் காரில் கிளம்பினோம். வழியில் ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் இறங்கினோம். அங்கே சாலையோரம் முழுக்கப் பானை, பூந்தொட்டி, யானை பொம்மை என்று அடுக்கி விற்பார்கள். மனைவி பச்சை மிளகாய்ச் செடிக்குத் தொட்டி பார்க்க ஒரு கடைக்குள் போனாள். நானும் மகளும் வெளியில் நின்றோம். அவள் சாலைப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, டப்ளின்னா என்ன?"

மூன்று மாதம் கழித்து முதல் கேள்வி. டப்ளின் அயர்லாந்தின் தலைநகரம் என்பது மட்டும் தெரியும். உடனே வாயில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது, பிள்ளைகளே. என்ன பதில் என்று சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு துரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள்ளே மனைவி தொட்டியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பதிலை விழுங்கினேன்.

"தெரியாதும்மா."

அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். சரிபார்ப்பவர் பெட்டியைப் பார்ப்பதுபோல.

"நெஜமாவே தெரியாதா?"

"நெஜமாவே தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள். "போன்ல பாத்தேன். கறுப்புக் கொளம்னு அர்த்தம். ரெண்டு ஆறு சேருற எடத்துல தண்ணி கறுப்பாத் தேங்கி நின்னுச்சாம். இந்தப் பலகையப் பாருங்க. ஆயர்னா தண்ணி, ஈத்தாம்னா கறுப்பு. நம்ம ஊருதாம்ப்பா அது!"

நான் பலகையைப் பார்த்தேன். எத்தனையோ முறை இந்த வழியாக வந்திருக்கிறேன். இப்படி ஒரு சொந்தக்கார ஊர் இதற்கு இருப்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

"இன்னொண்ணு கேளுங்க. அந்த நாட்டுப் பாஷையில அந்த ஊருக்கு வேற பேராம். தட்டி பின்னிப் போட்டு ஆத்தக் கடக்குற எடம்னு அர்த்தமாம். பலகையில ரெண்டு பேரும் எழுதியிருக்குமாம்."

"எங்க தோட்டத்துக்கும் ரெண்டு பேரு இருந்துச்சு" என்றேன்.

"தெரியும். நெட்டைத் துரை." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கப் பயமாக இருந்தது.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள். "நோட்டுல மொதப் பக்கம் படிச்சேன். துரைன்னு சொன்னது தப்புன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"சிரிச்சத எழுதலையே?"

ஒரு லாரி போனது. அது போய்ச் சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். 

"அது அதவிடப் பெரிய தப்பும்மா. அதான் எழுதக் கை வரல" என்றேன். "எல்லாரும் சிரிக்கறப்ப, நான்தான் சொன்னேன்னு கையத் தூக்கியிருக்கணும். தூக்கல. பயந்துட்டேன்."

"அப்பாங்களுக்குப் பயம் வருமா?"

"வரும்."

"யார் சொன்னது?"

"நான்தான். கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான். என் சட்டைப்பையிலிருந்து நோட்டைத் தானே எடுத்து, முதல் பக்கத்தை விரித்துப் பேனாவைக் கொடுத்தாள். காரின் கூரைமேல் வைத்து எழுதினேன். "சபையில் நானும் சிரித்தேன். அதுவும் தவறு." கீழே கையெழுத்து. அவள் படித்துப் பார்த்துவிட்டு மூடினாள்.

"சரி, இங்க தண்ணி ஏன் கறுப்பு?" என்றாள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுப் பக்கம் வாய்க்கால் தண்ணீர், பால் கலக்காத தேநீரான தே ஓ நிறத்தில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இலைதழை மக்கினால் அப்படி ஆகும் என்று வேலையில் யாரோ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் இந்த ஊருக்கு அதுதான் காரணமா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"எனக்குத் தோணுறது ஒண்ணு இருக்கு. ஆனா உறுதியில்ல. கேப்போமா?"

கடைக்குள் போனோம். சீனப் பெண்மணி ஒருவர் மனைவிக்குத் தொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். மகள் மலாயில் மரியாதையாகக் கேட்டாள். அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"தெரியாது லா, பொண்ணு. நான் குளுவாங்லருந்து கல்யாணம் பண்ணி வந்தவ. முப்பது வருசமா இங்க இருக்கேன். யாரும் கேக்கல, நானும் கேக்கல." உள்ளே திரும்பிச் சீனத்தில் ஏதோ கத்தினார். உள்ளேயிருந்து கணவர் ஏதோ திருப்பிக் கத்தினார். "அவருக்கும் தெரியாதாம். ஆத்துத் தண்ணி முன்ன கறுப்பா இருந்துச்சுன்னு அவங்க அப்பா சொல்லுவாராம். ஏன் கறுப்புன்னு சொல்லலையாம்."

மகள் எழுதினாள். ஆயர் ஈத்தாம், ஆற்றுத் தண்ணீர் கறுப்பாக இருந்ததாம், சொன்னவர் கடை அங்கிளின் அப்பா, ஏன் என்று இன்னும் தெரியாது. எழுதும்போது நாக்கு ஓரமாக நீண்டிருந்தது.

மனைவி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, லண்டன் துரைக்கும் சின்னத் துரைக்கும் சமாதானம் ஆயிருச்சா?"

"அம்மா, லண்டன்ல துரை இல்லம்மா. எழுதியே வச்சிருக்கு" என்றாள் மகள்.

பத்து பகாட்டுக்குப் போகும் வழியில் அவள் பின்னால் உட்கார்ந்து, என் இருக்கைமேல் முகவாயை வைத்துக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டதால் மெதுவாக ஓட்டினேன்.

"அப்பா, உங்க நெட்டைத் துரை நெஜமாவே நெட்டையா?"

"தெரியாதும்மா. நான் பாத்ததில்ல. தாத்தாவும் பாத்ததில்ல."

"குள்ளமா இருந்து கிண்டலுக்கு வச்சிருந்தாங்கன்னா?"

அப்படியும் இருக்கலாம் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

"அப்படியும் இருக்கலாம்" என்றேன்.

பின்னால் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பேனா மூடியைக் கழற்றும் சத்தமும் கேட்டது.

"சரி, யாரக் கேக்கலாம்ப்பா?"